பொய் சொல்லாத தராசு

“லேபல் ஒட்டாம ஒரு பெட்டி வந்தாலும் லொறியை அப்பிடியே திருப்பி அனுப்புவன் எண்டு ஹோட்டல் மனேஜர் சொல்லிப்போட்டார். எப்பிடியாவது இந்தத் தராசை வேலை செய்ய வையுங்க தம்பி.”

கிண்ணியாப் பாலத்தடியில் மீன் வாடி வைத்து வியாபாரம் செய்யும் கலீலுர் றஹ்மான் கெஞ்சினார். கொழும்பு ஹோட்டல் ஒன்றின் முதல் ஓடர். இன்றைய பாரை மீன் அவர்களுக்குப் பிடித்துப்போனால் வருடம் முழுக்க இவரிடம்தான் வாங்குவார்கள். லொறி வாசலில் வந்து நிற்கிறது. இந்த நேரம் பார்த்துத் தராசு காலை வாரிவிட்டது.

நிறுப்பதோடு லேபலும் அடித்துத் தரும் பழைய தராசு அது. கொம்பியூட்டரில் ஒரு பழைய பிரவுசரைத் திறந்தால்தான் அதோடு கதைக்கலாம். ஊர் உலகமே கைகழுவிவிட்ட பிரவுசர். முந்தின நாள் கொம்பியூட்டர் தன்பாட்டில் அப்டேட் ஆகி, அதையும் தூக்கி எறிந்துவிட்டது.

“புதுத் தராசு ஒண்டு வாங்குங்க எண்டு அப்பவே சொன்னனான், றஹ்மான் நானா,” என்றான் கொம்பியூட்டர் திருத்த வந்த இராகுலன்.

“இது பொய் சொல்லாத தராசு தம்பி. ஏன் மாத்த?”

இராகுலன் பென் டிரைவிலிருந்து பழைய பிரவுசரை ஏற்றினான். திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது.

“என்னவாம்?”

“ஏதோ பாதுகாப்புச் சான்று காலாவதியாம். திறக்க ஏலாதாம்.”

“வாப்பா, ஐஸ் கரையுது!” என்றாள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற மகள் ரபீக்கா. வெளியே லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். றஹ்மானுக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது.

“ரெண்டு பேரும் போய்ப் பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க. பக்கத்தில நிண்டா எனக்குக் கை ஓடாது,” என்றான் இராகுலன்.

திரும்பி வந்தபோது தராசு கடகடவென்று லேபல் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்! என்ன மந்திரம் போட்டனீங்க?”

“அது எங்களோட ஒத்து வராது, நானா. நாங்கதான் அதோட ஒத்துப் போகோணும். அவ்வளவுதான்.”

ரபீக்கா ஓடி ஓடி ஒட்டினாள். றஹ்மான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிலோவை மட்டும் சரிபார்த்தார். ஒரு கிராம் பிசகவில்லை. இருந்ததிலேயே பெரிய பாரையை எடுத்து இராகுலன் கையில் கொடுத்தார். லொறி புறப்பட்டுப் போனது.

மறுநாள் காலை மனேஜரின் அழைப்பு.

“லொறியைத் திருப்பி அனுப்பிட்டன். இனி உங்கட மீனே வேணாம்.”

“ஏன் சேர்? வல்லாஹி, நேத்து விடியக் கரைக்கு வந்த மீன்! கண்ணைப் பாருங்க, செவுளைத் தூக்கிப் பாருங்க!”

“மீனை ஏன் பாக்கோணும்? நீங்க ஒட்டின லேபலை வாசிச்சுப் பாருங்க!” அழைப்பு அறுந்தது.

மேசையில் ஒரு லேபல் மிச்சம் கிடந்தது. மீனின் பெயர் சரி. நிறை சரி. கீழே இருந்த திகதியைப் பார்த்தவர் கொம்பியூட்டரைத் திரும்பிப் பார்த்தார். திரையின் மூலையிலும் அதே வருடம்தான். காலாவதியான சான்று செல்லுபடியாகிப் பிரவுசர் வாயைத் திறக்கட்டும் என்று இராகுலன் வருடத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போயிருந்தான்.

பொய் சொல்லாத தராசின் கணக்குப்படி, நேற்று விடியக் கரைக்கு வந்த அந்தப் பாரை 2012ஆம் ஆண்டிலேயே பெட்டிக்குள் போயிருந்தது.