முப்பது வயசு முகம்

புகை கண்ணைக் கரித்தது. கலைச்செல்வி கண்ணைக் கசக்கவில்லை.

கசக்கினால் காதோரம் தையல் போட்ட இடம் சுரீரென்று இழுக்கும்.

வெயில் ஆகாது, சூடு ஆகாது, புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவள் மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கிழக்கேகோட்டைச் சாலையோரம், மூன்று செங்கல், மேலே ஒரு மண்பானை.

ஆற்றுக்கால் பொங்காலை, அம்மனுக்குப் பெண்கள் தெருவிலேயே பொங்கலிடும் நாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பெண்கள், அடுப்புகள், பெண்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வெளியே தலைகாட்டுவது இன்றைக்குத்தான்.

முகம் இன்னும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. கன்னத்தைத் தொட்டால் அடுத்த வீட்டுக்காரியின் கன்னத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. சிரிப்பு உள்ளே கிளம்பும், உதட்டுக்கு வருவதற்குள் செத்துவிடும்.

"மைனிக்கு ஒரு மாப்பிள்ளை பாத்துர வேண்டியதுதான்!" கட்டுப் பிரித்த அன்றே நாத்தனார் மாடம்மாள் குத்தினாள். ஐம்பது தாண்டியவளுக்கு முகத்தை இழுத்துத் தைக்கிற ஆசை எதற்கு என்று வலியசாலைத் தெருவே வாயில் போட்டு மென்றது.

கணவன் லிங்கராஜ் மட்டும் அதில் சேரவில்லை. அவனுக்குக் காரணம் தெரியும்.

இருபது வருஷத்துக்கும் முன்னால், இதே இடத்தில்தான் மகள் பேச்சி தொலைந்தாள்.

நாலு வயசுப் பிள்ளை. பானை பொங்கிய சந்தோஷத்தில் அம்மா ஒரு நொடி கையை விட்டாள். புகை விலகியபோது பிள்ளை இல்லை. மைக்கில் கூவினார்கள், போலீஸ் தேடியது, பேப்பரில் படம் வந்தது. பிள்ளை வரவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பொங்காலைக்கும் கலைச்செல்வி இடம் மாறியதில்லை. வயசு ஒத்துவருகிற பெண் யார் கடந்தாலும் "பேச்சி!" என்று கூப்பிட்டுவிடுவாள். அந்தப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நரைத்த தலையும் தொங்கிய தாடையுமாக ஒரு கிழவி. மிரண்டு விலகிப் போவார்கள்.

துக்கம் தின்றது போக மிஞ்சிய முகம் அது. பெற்ற மகளே வந்து நின்றாலும் அதை எப்படி அடையாளம் காண்பாள்? அவள் கடைசியாகப் பார்த்தது முப்பது வயசு அம்மாவை அல்லவா?

அந்தப் பயம்தான் நரைக்குச் சாயம் பூச வைத்தது, அவளை ஆபரேஷன் மேசையில் ஏற்றியது.

பலன் இல்லாமல் போகவில்லை. காலையில் செங்கல் வைக்க வந்தபோது, வருஷா வருஷம் பக்கத்து அடுப்பில் பொங்கலிடும் சரோஜம் முறைத்தாள்.

"இது வேற ஒரு அம்மையோட ஸ்தலமாக்கும் மோளே. சாரமில்ல, இருந்துக்கோ, அவங்க வந்தா மாறிக்கொடுத்துரணும்."

மோளே! மகளே என்கிறாள்! சரோஜத்துக்கே தெரியவில்லை! 'நான்தான் அக்கா' என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் விட்டாள். அந்தச் சந்தோஷத்தை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளத் தோன்றியது. கண்ணாடிகூடத் தராத சந்தோஷம்.

இந்த வருஷம் யாரையும் கூப்பிட வேண்டாம். முகமே கூப்பிடும்.

காதோரத் தையலை மறைத்திருந்த துப்பட்டாவை எடுத்துவிட்டு, வெயிலுக்கு நேராக முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

பெண்கள் வந்தார்கள், போனார்கள். பச்சைச் சுடிதாரில் ஒருத்தி நேராக அவள் எதிரில் வந்து நின்றாள். கலைச்செல்வி முகத்தை இன்னும் நிமிர்த்தினாள். அந்தப் பெண் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, வீடு மாறி வந்துவிட்டவளைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டு சரோஜத்திடம் நகர்ந்தாள்.

ஒலிபெருக்கியின் அலறலில் எதுவும் காதில் விழவில்லை. சரோஜம் கையை விரித்து ஏதோ சொன்னாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே கூட்டத்துக்குள் போனாள். அந்தப் புகையில் யார்தான் கண்ணைத் துடைக்கவில்லை?

இவள் இல்லை என்று கலைச்செல்வி அடுத்து வருகிறவளைப் பார்க்கத் திரும்பினாள்.

பாட்டு ஓய்ந்ததும் சரோஜம் விசிறிக்கொண்டே இந்தப் பக்கம் சாய்ந்தாள்.

"பாவம் ஒரு பெண்குட்டி மோளே. உன் ஸ்தலத்துல முன்ன பொங்கல் வச்ச அம்மையத் தேடி வந்திருக்கா. போன வருஷம் அவங்க இவளைப் பேச்சின்னு விளிச்சாங்களாம். பேடிச்சு, பயந்து ஓடிட்டாளாம். வீடு போய்ச் சேர்ந்தப்பறம்தான், சின்னதுல தன்னை யாரோ அப்படி விளிச்ச ஓர்மை, பழைய ஞாபகம் வந்துச்சாம். வீட்டுக்காரங்களை நெருக்கிக் கேட்டதும் எல்லாம் சொல்லிட்டாங்களாம், இங்கேர்ந்து எடுத்து வளர்த்த பிள்ளைன்னு. ஒரு வருஷமா அந்த வயசான முகம் கண்ணுக்குள்ளேயே நிக்குதுன்னு ஒரே கரச்சல், அழுகை."

கலைச்செல்வி சரோஜத்தின் கையைப் பிடித்தாள்.

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்ல? ஒரு வருஷம்கூடத் தப்பாம வந்த அம்மை. இந்தத் தடவை காணோம்னா வேற என்ன அர்த்தம்? மரிச்சுப் போயிருப்பாங்க, இனி தேடாதேன்னு சொல்லிவிட்டேன்."

கலைச்செல்வி எழுந்தாள். கால் பட்டுப் பானை சரிந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. பச்சை, பச்சை என்று முணுமுணுத்தபடி புகைக்குள் ஓடினாள்.

பின்னாலிருந்து சரோஜத்தின் குரல் துரத்தியது.

"எங்க ஓடுறே மோளே? உனக்கு அந்த அம்மையைத் தெரியுமா?"