அடுத்த டோக்கன்

“ஸ்கேன் சுத்தமா இருக்கு. ரத்தத்துலயும் ஒண்ணுமில்ல. அப்புறம் எங்கிருந்து வருது வயித்துவலி? எங்கம்மா வர்றாங்கன்னதும் நாடகத்தை ஆரம்பிச்சிட்டியா?”

அந்த வீட்டுக்காரரின் குரலைக் கேட்கத் தெருவில் யாரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அதுவாகவே வந்து சேரும்.

“நிஜமாவே வலிக்குதுங்க” என்றாள் மனைவி, வயிற்றைப் பிடித்தபடி.

மகராசன் கதவை அறைந்து சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. கைராசிக்காரர் என்று ஊரே கொண்டாடும் டாக்டரிடம் போய் டோக்கன் கேட்டாள். டோக்கன் கொடுக்கும் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவள் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம், முன்னால் போன நோயாளியிடம் டாக்டர் உருகிக்கொண்டிருந்தார்.

“ஸ்கேன்ல தெரியலைன்னா வலி பொய்யாயிடுமாம்மா? மனசுல இருக்கற பாரம் உடம்புல நிஜ வலியாவே வரும். அதுக்கும் வைத்தியம் இருக்கு. ஆனா முதல்ல வீட்ல நம்பணும். நடிப்புன்னு சொன்னாரே உங்க வீட்டுக்காரர், அவரைக் கூட்டிட்டு வாங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!”

அடுத்து இவள் முறை. உள்ளே போய் உட்கார்ந்தாள்.

“எனக்கும் அதே கதைதான் டாக்டர். என் வீட்டுக்காரரையும் அந்த நாலு கேள்வி கேளுங்க.”

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

“நீ எங்கடி இங்க வந்தே?”

“வீட்ல சொன்னா நாடகம்ங்கறீங்க. டோக்கன் வாங்கிட்டு வந்து சொன்னாலாவது நம்பறீங்களான்னு பார்க்க வந்தேங்க. ம், கேளுங்க, முதல் கேள்வி.”