சிரிப்புப் பரீட்சை

"சிரிப்பு வரலையா?"

"இல்ல மேடம்."

கையிலிருந்த படத்தைக் கோணல் நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். "சரி, இதுவும் ஃபெயில்."

அந்த வாரப்பத்திரிகையின் நகைச்சுவைப் பக்கம் அவளுடையது. படத்தின் அடியில் 'கோணல்' என்று கையெழுத்துப் போடுவாள். ஊர் உலகத்துக்கு அதுவே அவள் பேராகிவிட்டது. அவள் படங்களைப் பார்த்துத்தான் எதிரே நின்ற மாணவிக்கு ஓவியம் படிக்கிற ஆசையே வந்தது. கல்லூரியில் பயிற்சிக்கு அனுப்பும்போது இந்த அலுவலகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததும் அதனால்தான்.

வந்த இடத்தில் இந்த வாரம் பூராவும் இதே கூத்து. வசனத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் நீட்டுவாள். மாணவி சிரித்தால் பாஸ், இல்லாவிட்டால் கிழிசல். பாராட்டுக்கு ஒரு ஆளுக்கு இப்படியும் பசி எடுக்குமா என்று மாணவிக்கு எரிச்சலாக வந்தது.

"வசனம் இல்லாமலே சிரிப்பு வரணும்மா. நீ சிரிக்காம நான் பக்கத்தைக் கொடுக்கிறதா இல்லை."

"நான் சிரிக்கிற ரகம் இல்ல மேடம். வேற யார்கிட்டயாவது காட்டுங்க."

"அவர்கிட்டயா?" காதில் ஹெட்போனோடு பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த லேஅவுட் அண்ணனைக் காட்டினாள். "அவர் தன் கல்யாணத்துக்கே சிரிக்கலை. ஆல்பம் பார்த்திருக்கேன்."

அதற்கும் மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை.

கோளாறு படத்தில் இல்லை. புது ஊர். வாடகை அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். காலையில் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திறக்கும்வரை 'சாப்பிட்டியா' என்று கேட்க நாதி கிடையாது. திறந்த பிறகும் கிடையாது. கையும் ஓடவில்லை. வரைகிற முகமெல்லாம் செத்த முகமாக வந்தது. படிப்புக்கே முழுக்குப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புவதென்று முடிவு செய்து, திங்கட்கிழமையே மாடிப்படியில் நின்று அம்மாவுக்குப் போனில் சொல்லியும் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. கோணல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "அடுத்த பக்கம் இன்னும் தேறலைம்மா. இந்த லட்சணத்துல போனா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

தன் உம்மணாமூஞ்சியால் ஒருத்தி பிழைப்பில் மண் விழ வேண்டாமே என்று, மாணவி அடுத்த படத்துக்குப் பல்லைக் காட்டி வைத்தாள்.

"இது கடனுக்குச் சிரிச்சது, செல்லாது" என்று கோணல் அதையும் கிழித்தாள்.

"அம்மா, இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். இங்க ஒருத்தங்க என்னை நம்பி இருக்காங்க" என்று மாணவி போனில் சொன்னாள்.

ரெண்டு நாள் நாலு நாளாயிற்று. எரிச்சல் போய்ப் பரிதாபம் வந்துவிட்டது. பாவம், சரக்குத் தீர்ந்துபோச்சு போல.

"மேடம், அந்த நாயோட வாலைக் கொஞ்சம் தூக்கினா நல்லா இருக்குமோ?"

"தூக்கேன், பார்ப்போம்." கோணல் பேனாவை நீட்டினாள். வால் நிமிர்ந்தது. மறுநாள் ஒரு பூனைக்கு மீசை முளைத்தது. மாணவியின் கை தன்னையறியாமல் ஓட ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் கோணல் இன்னொரு படத்தை நீட்டினாள். மேஜையில் ஒரு பெண்ணும் அவளுடைய டிபன் டப்பாவும். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். பெண்ணின் மூஞ்சி அச்சு அசலாக மாணவியின் மூஞ்சி. டப்பாவின் மூஞ்சி அதைவிட மோசம்.

மாணவி குபீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதும் விட்டாள்.

கோணல் தன் டப்பாவை எடுத்துவந்து மாணவியின் மேஜையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பாஸ். வா, சாப்பிடலாம்."

அன்றைக்கு அம்மாவிடம் ஊருக்குப் போகிற பேச்சே வரவில்லை.

அடுத்த இதழ் வந்ததும் மாணவி அவசரமாகப் புரட்டினாள். அந்தப் படம் இல்லை. வேறு ஏதோ படம் இருந்தது. அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று. கோணல் இன்னும் வந்திருக்கவில்லை. லேஅவுட் அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணா, டிபன் டப்பா படத்தை எடிட்டர் வேண்டாம்னுட்டாரா? நான் சிரிச்சுப் பாஸான படம் அது."

அவர் ஹெட்போனைக் கழற்றினார். "எந்தப் படம்மா? இந்த மாசத்துக்கான பக்கம் எல்லாத்தையும் போன மாசமே முடிச்சுக் கொடுத்துட்டாங்களே."

"அப்போ தினமும் என்கிட்ட காட்டினதெல்லாம்? நான் சிரிச்சாத்தான் பக்கம் போகும்னு சொன்னாங்களே?"

"காட்டினாங்களா? அச்சாகிற வரைக்கும் அவங்க யாருக்கும் படத்தைக் காட்ட மாட்டாங்க. எட்டு வருஷமாப் பக்கத்து சீட்ல இருக்கேன், எனக்கே காட்டினதில்லை." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு திங்கட்கிழமை டீ குடிக்கக் கீழ போனவங்க, பாதியிலேயே திரும்பி வந்தாங்க. 'அந்தப் பொண்ணு படியில நின்னு ஊருக்கே போயிடறேன்னு அழுதுக்கிட்டிருக்கு'ன்னு சொல்லிட்டுப் பேனாவை எடுத்தவங்கதான், அதுக்கப்புறம் டீக்குக்கூட எழுந்து போகலை."