பாதை முடிவில் ஒரு தூண்

"ஏளா அனுசியா! எந்திரி! உன் தூணுக்கு எவனோ மாலை போட்டிருக்கான்!"

வாயில் பிரஷ்ஷோடு தோட்டத்தில் நின்று கத்தினான் முத்துச்செல்வம். வீட்டுக்குள் படுத்திருந்த அவன் மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ! என் போக்கல் பாயிண்ட்டு போச்சே!"

ஆறு மாதமாக அனுசியா செல்போனில் தோட்டக்கலை படிக்கிறாள். கத்தரி, வெண்டை போடுகிற தோட்டமில்லை. அந்தக் காலத்து ஐரோப்பிய ராஜாக்கள் அரண்மனையில் போட்ட தோட்டம். நடுவில் நேராக ஒரு பாதை. வலப்பக்கம் பன்னிரண்டு செம்பருத்தி என்றால் இடப்பக்கமும் பன்னிரண்டு. ஒன்று குறைந்தாலும் மார்க் போச்சு. பாதை முடிகிற இடத்தில் கண் போய் நிற்க ஒரு பொருள் வேண்டும். அதுதான் போக்கல் பாயிண்ட். அதற்காக, கீழே அகன்று மேலே ஒடுங்கும் சதுரத் தூண் ஒன்றைக் கட்டி வெள்ளையடித்திருந்தாள்.

பாடத்தில் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று உண்டு. ஆனால் தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில் அப்படியொரு தூணைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட சொல்லிவிடும், ஊர்க் காவல் தெய்வம் சுடலைமாடனின் பீடம் என்று.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. சென்னையிலிருந்து வாத்தியார் வீடியோவில் தோட்டத்தைப் பார்த்து மார்க் போடுவார். செடியை ஆடு மேய்ந்ததில் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று, இது கடைசி வாய்ப்பு. பாஸானால் திருச்செந்தூரில் புதிதாகக் கட்டும் ஓட்டலில் தோட்டம் போடும் வேலை அவளுக்குத்தான். முத்துச்செல்வம் இதைத் துறைமுகத்து வாசலில் தன்னைப் போல டிரெய்லரோடு வரிசையில் நின்ற டிரைவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லியாயிற்று. அவன் வயிற்றில் எதுவும் தங்காது.

"மாலையை எடுத்துருதேன்ளா."

"தொடாதீய! மாடனுக்குப் போட்டத எடுக்கவா? எனக்குப் பயமா இருக்கு."

அவனுக்கும் பயம்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

எட்டு மணிக்கு எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் குடத்தோடு வந்துவிட்டாள். "மாடன் வந்திருக்காரு, ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று கோபித்துக்கொண்டு, பீடத்துக்கு ஊற்றியது போக மிச்சத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றினாள். சாயங்காலம் அடுத்த தெருத் தாணுலிங்கம் அண்ணாச்சி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து சுருட்டு வைத்தார்.

"ஆட்டையெல்லாம் கட்டிப் போட்டுட்டேன் தம்பி. மாடன் நிக்க இடத்துல அதுக வாய வைக்கலாமா?"

வெள்ளிக்கிழமை யாரோ தூணுக்கு இடப்பக்கம் ஒரு மணியைத் தொங்கவிட்டார்கள். அனுசியா அதையே முறைத்துப் பார்த்துவிட்டு ஆறுமுகத்தாயிடம் திரும்பினாள்.

"எக்கா, வலப்பக்கமும் ஒரு மணி வேணும்."

"எதுக்கு தாயி?"

"இல்லன்னா ஒரு பக்கம் இழுக்கும்."

அவ்வளவுதான். ஆறுமுகத்தாய் வருகிறவர்களை எல்லாம் மடக்க ஆரம்பித்தாள். "ஏளா, ஒத்த வெளக்கு வைக்காத! இந்த மாடனுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத்தான். அதான் மொற!"

சனிக்கிழமை காலையில் தோட்டத்தைப் பார்த்த முத்துச்செல்வத்துக்குத் தலை சுற்றியது. சிவப்புத் துணி இரண்டு, மணி இரண்டு, விளக்கு இரண்டு. இதைப் பார்த்தால் வாத்தியார் என்ன சொல்வார்? பாவம், இவள் எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தாள்! யாரும் பார்க்காத நேரத்தில் தூணுக்கு முன் நின்று கண்ணை மூடி என்னவோ வேண்டிக்கொண்டான்.

ஞாயிறு பத்து மணி. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அனுசியா பாதையில் நடந்தாள். பின்னாலேயே முத்துச்செல்வம்.

"நேர்ப்பாதை, சரி. பன்னிரண்டு, பன்னிரண்டு, சரி," என்றார் வாத்தியார் கிருபாநிதி. பிறகு திரையில் தூண் வந்தது. வாத்தியார் திரைக்கு அருகில் குனிந்தார். "அனுசியா, முதல் பாடம் ஞாபகம் இருக்கா? செடியைத் தொடுறதுக்கு முன்னாடி யாரைக் கேக்கணும்?"

"அந்த இடத்துக்குன்னு ஒரு காவல் தெய்வம் இருக்கும், அதைக் கேக்கணும் சார். ரோமாபுரிக்காரங்க நம்பிக்கை."

"எல்லாரும் பரீட்சையில இதை எழுதுவாங்கம்மா. செஞ்சு காட்டினது நீங்க ஒருத்தர்தான். ஒரு இலைகூடக் கடிபடலையே! பாஸ். முதல் வகுப்பு!"

முத்துச்செல்வம் குதித்த குதியில் இரண்டு மணியும் ஒன்றாக அடித்தன. போன் அணைந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஏளா, மாடன் கண்ணத் தொறந்துட்டாரு. நீ பாஸானா கிடா வெட்டுதேன்னு நேத்து நேந்துக்கிட்டேன். தாணுலிங்கம் அண்ணாச்சி வீட்டு நெத்தி வெள்ளக் கிடா. சொல்லி வச்சாச்சு."

அனுசியா அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் பாதையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"அதே கிடாதான் மூணு தடவ என் செம்பருத்திய மொட்டையடிச்சுது! அண்ணாச்சிகிட்ட எத்தன மட்டம் சொல்லியும் கட்டிப் போடலியே," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்னுதான், அன்னைக்கு நீங்க எந்திரிக்கதுக்கு முன்னாலயே அந்த மொத மாலையப் போட்டுட்டு வந்து படுத்துக்கிட்டேன்."