தலையாட்டாத ஆறு பாட்டு

எங்கள் த்ராஷ் மெட்டல் பேண்டின் புது ஆல்பத்தில் பத்துப் பாட்டு. நாலு, பழையபடி இடி மாதிரி. மீதி ஆறையும் கல்யாண வீட்டில்கூடப் போடலாம், அவ்வளவு மென்மை.

"அந்த ஆறுதான் ஹிட்டாகும்," என்றான் டிரம்மர் பயாஸ்.

எனக்கு உறுத்தியது. குமாரபாளையத்தில் எங்களுக்கு இருந்த ஒரே ரசிகர் என் அப்பாதான். அவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, இருப்புக்கொள்ளாமல் நடந்தேன். நாலு பாட்டுக்குத் தலையாட்டினார். ஆறுக்கு அசையவே இல்லை.

அவர் ஹெட்போனைக் கழற்றியதும், "புடிக்கலீங்களாப்பா?" என்று கத்தினேன்.

"ரொம்பப் புடிச்சுதே சாமி! ஆனா பத்துன்னு சொன்னே, நாலுதானே இருக்குது? நடுவுல எல்லாம் சும்மா ஓடுது."

அப்பா முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் எங்கள் ஊரில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். அவர் காது போனதை நான் கவனிக்கவே இல்லை.

எங்கள் இரைச்சல் ஒன்றுதான் அவருக்குக் கேட்டிருக்கிறது.