இனிஷியல் மட்டும் வேறு

"சிஸ்டர், ரத்தத்தை ஏத்திடாதீங்க! பையைக் கீழ வையுங்க!" தயாளன் போனில் கத்தியதில் சாஃப்ட்வேர் கம்பெனியின் சப்போர்ட் பிரிவே திரும்பிப் பார்த்தது.

மறுமுனையில் ஆஸ்பத்திரி நர்ஸ் பிலோமினா. "கம்ப்யூட்டர் பி பாசிட்டிவ்னு காட்டுது சார். பேஷண்ட் தங்கபுஷ்பத்தோட வீட்டுக்காரரு ஓ பாசிட்டிவ்னு சண்டைக்கு வாராரு."

"அதே பேர்ல இன்னொருத்தர் இருப்பாங்க. இனிஷியல் மட்டும் வேற. பாருங்க."

"ஐயோ, ஆமா! எம்.தங்கபுஷ்பம், கே.தங்கபுஷ்பம்!"

"நம்ம சாஃப்ட்வேர் இனிஷியலைப் பார்க்காது. மறுபடி டெஸ்ட் பண்ணிட்டு ஏத்துங்க."

அரை மணி நேரத்தில் அவளே அழைத்தாள். "ஓ பாசிட்டிவ்தான் சார். உயிரைக் காப்பாத்திட்டீங்க! நேத்து வேற கம்பெனிக்காரன் சாஃப்ட்வேர் விக்க வந்தான். இனி வந்தா வாசல்லயே துரத்திருவேன். ஆமா, நான் சொல்லுமுன்னே எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

தயாளன் மேஜை இழுப்பறையைத் திறந்தான். போட்டிக் கம்பெனியை முந்த வேண்டும் என்று முதலாளி விரட்டிய நாளில் எழுதிய சாஃப்ட்வேர் சோதனைத் தாள் உள்ளே கிடந்தது. 'இனிஷியல் பிழை' என்று அவனே எழுதி, அவனே அடித்து, 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தான்.

கீழே, சாஃப்ட்வேர் அனுப்பிய நாற்பத்தொரு ஆஸ்பத்திரிகளின் பட்டியல். மற்ற நாற்பதிலிருந்தும் இதுவரை யாரும் கூப்பிடவில்லை.