ஆறு பன்றிகள்

“இன்னும் ஒரு மணி நேரத்துல எல்லாரும் மேல வந்துடுவாங்க, சயோ. அதுக்குள்ள அந்த ஆளைப் பேசி அனுப்பிடு” என்றார் ஆராய்ச்சித் தலைவர் குராமோச்சி.

ஆராய்ச்சிக்கூடத்தின் பின்னால் மலைச்சரிவில் நினைவுக்கல் இருந்தது. ஆய்வில் உயிர்விட்ட விலங்குகளுக்கு வருடம் ஒருமுறை அங்கே வணக்கம் செலுத்துவார்கள்; இன்று அந்த நாள். அதன் முன் கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் நின்றிருந்தார்.

வெளியாட்கள் வந்தால் சண்டைக்குத்தான். போன வருடம் ஒருவர் கொடுத்த புகாரில் வேலை மாதக்கணக்கில் முடங்கியது. பன்றிகளில் சோதித்த இதய மருந்து இப்போதுதான் மனிதர்கள் வரை போயிருக்கிறது. இன்னொரு புகாரை அது தாங்காது.

சயோ மேலேறிப் போய்க் குனிந்து வணங்கினாள். அவரும் வணங்கினார். தன் பெயர் ஹதானோ என்றார். பன்றிகள் எத்தனை என்று கேட்டார். ஆறு என்றாள். பெயர் உண்டா என்றார்.

“நம்பர்தான். ஆனா நான் வச்சிருந்தேன். கடைசிப் பன்றி பேரு சோம்பேறி. சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்திருக்கும்.”

“எங்க வீட்டுல எனக்கும் அதே பேருதான்” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “குணமாகி வந்ததுங்களை ஏம்மா கொன்னீங்க?”

அவள் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். பொய் வரவில்லை.

“உள்ள பார்த்தாத்தான் தெரியும், ஐயா. மாரடைப்பு வந்த இடம் வெள்ளைத் தழும்பா, காகிதம் மாதிரி கிடக்கும். அங்க ஒரு புரதத்தை ஊசியில போட்டோம். வளர்ச்சிக் காரணின்னு பேரு. ‘வளரு’ன்னு செல்லுக்குச் சேதி சொல்லும். அவ்வளவுதான் அது பண்றது.”

மயக்கத்தில் கிடந்த பன்றியின் நெஞ்சைத் திறந்ததைச் சொன்னாள். வெண்மைக்குள் சிவப்பு நூல்களாகப் புது ரத்தக்குழாய்கள். தழும்பின் ஓரத்தில் புதிதாக முளைத்திருந்த சதை.

“அது துடிச்சுதா?”

“மத்த இடத்தோட சேர்ந்து, ஒரே தாளத்துல. கத்தியைக் கீழ வச்சிட்டு நின்னுட்டோம்.”

அவர் கொண்டுவந்த துணி மூட்டையை அவிழ்த்தார். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்குகளைக் கல்லின் முன் அடுக்கிவிட்டு, வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

கீழிருந்து குராமோச்சி வேகமாக ஏறி வந்துகொண்டிருந்தார்.

“ஐயா, புகார் எழுதறதா இருந்தா என் மேல எழுதுங்க. மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க” என்றாள் சயோ.

ஹதானோ நிமிர்ந்தார். கண்கள் நனைந்திருந்தன.

“புகார் சொல்ல வரலம்மா. இவங்க ஆறு பேருக்கு அப்புறம் நீங்க அந்த ஊசி போட்ட முதல் இதயம் என்னோடது.”